விலைக்கு வாங்கும் இடமும் உழைத்துப் பெறும் இடமும்

சத்துவாச்சாரியில் பட்டறை வைத்து நடத்தும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்திருந்தார். செருப்புத் தொழிற்சாலைகளில் ஓடும் தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். கிழக்கே ராணிப்பேட்டை முதல் மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரையில் உள்ள தொழிற்சாலைகளே அவருக்கு வேலை கொடுப்பவை. இருபது வருஷமாகக் கைத்திறத்தாலும் வாய்ச்சொல்லாலும் நடந்து வந்த தொழில் அது. இப்பொழுது பழைய மேஸ்திரிகள் வேலையை விட்டு ஓய்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் வாலிபர்கள், இயந்திரம் நின்றதும் கைப்பேசியை எடுத்துத் தேடுகிறார்கள். அத்தேடலில் நம் நண்பரின் பெயர் வருவதில்லை. "மாதம் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்க என்னால் முடியும், ஐயா. அதைக் கூகிள் கம்பெனிக்கு விளம்பரக் கட்டணமாகக் கட்டுவதா? அல்லது விளம்பரமில்லாமலே என் பெயர் முன்னே வரும்படி செய்யும் வேலைக்குச் செலவிடுவதா?" என்று அவர் கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. கலெக்டர் ஆபீஸையும் கோர்ட்டுகளையும் சுற்றிப் பத்திரம் எழுதுவோரும், வரிக்கணக்குப் பார்ப்போரும், வேலூர் ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு அறை விடுவோரும் இதே கேள்வியுடன் தவிக்கிறார்கள். சாமான் விற்பவனுக்குச் சாமானை எடுத்துக் காட்டும் வசதியுண்டு. பிறருக்கு ஊழியம் செய்து பிழைப்பவனுக்கு அது கிடையாது. வேலை முடியும் வரையில் அவன் கொடுக்கக்கூடியது நம்பிக்கை ஒன்றுதான். ஆகவே அவன் பெயர் எவ்வழியாக ஜனங்களின் கண்ணில் படுகிறது என்பது அற்ப விஷயமன்று.

நமது அபிப்பிராயத்தைக் கூறுமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பத்திரிகை நடத்துகிறவர்கள். விளம்பரமே நமக்குச் சோறு போடுகிறது. காந்தியடிகள் யங் இந்தியாவையும் நவஜீவனையும் விளம்பரம் வாங்காமலே நடத்தினார். அந்த மனத்திடம் நமக்கு வாய்க்கவில்லை. ஆகவே விளம்பரம் பாபமென்று நாம் உபதேசம் செய்தால் வாசகர்கள் நகைப்பது நியாயமே. கூகிளுக்குப் போகும் பணம் நமக்கு வரவில்லையே என்ற பொறாமையால் எழுதுகிறோம் என்று எண்ணுவோரும் இருக்கலாம். அவர்கள் நம் மனத்தை விட்டுவிட்டு நம் காரணங்களை எடைபோட்டுப் பார்க்கட்டும்.

விளம்பர வழி எப்படி நடக்கிறதென்பதை முதலில் பார்ப்போம். ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும், கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. யார் எவ்வளவு தரச் சம்மதிக்கிறார் என்பதுடன், விளம்பரம் தேடியவருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதும் அதில் கணக்கிடப்படுகிறது. பெரும்பாலும் அவ்விளம்பரத்தை ஒருவர் தட்டினால்தான் கட்டணம். ஒரு தட்டுக்கு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் ரூபாய்க்கு 400 தட்டு கிடைக்கும். அந்த 400 பேரில் 20 பேர் கூப்பிட்டுப் பேசி, 5 பேர் வேலை கொடுத்தால், ஒரு வேலையைப் பெற 2,000 ரூபாய் செலவாகிறது. ஒரு வேலையில் நண்பருக்கு மிஞ்சுவது 1,500 ரூபாயானால், ஒவ்வொரு வேலைக்கும் 500 ரூபாய் நஷ்டம். அதே தொழிற்சாலை வருஷத்தில் ஆறு முறை கூப்பிட்டால் 9,000 ரூபாய் மிஞ்சும். அப்பொழுது செலவு தகும். ஆகவே விளம்பரம் லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பது, வந்தவர் திரும்ப வருகிறாரா என்பதேயாகும். இக்கணக்கைப் போட்டுப் பாராமல் பணம் கட்டுகிறவர்கள் எத்தனை பேர்!

விளம்பரத்திற்குரிய பெருமையையும் மறைக்கலாகாது. இன்று பணம் கட்டினால் இன்றே பெயர் தெரியும். நேற்றுக் கடை திறந்தவனுக்கும், ஒரு பருவத்தில் மட்டும் வேலையுள்ளவனுக்கும் இதைவிட விரைவான உபாயமில்லை. வேண்டாமென்றால் மறுநாளே நிறுத்தலாம். ஆனால் நிறுத்திய நிமிஷமே பெயரும் மறைந்துவிடுகிறது. பத்து வருஷம் வாடகை கொடுத்தாலும் வீடு சொந்தமாகாதது போலத்தான்.

மற்ற வழி, வியாபாரிகள் 'எஸ்.இ.ஓ.' என்று சொல்வது. பெயர் பெரிதாயிருந்தாலும், அதன் நேர்மையான பகுதி எளியது. கடையின் பெயர், விலாசம், திறந்திருக்கும் நேரம், டெலிபோன் எண் ஆகியவற்றைக் கூகிளின் வியாபாரப் பதிவில் பிழையின்றிக் கொடுப்பது; அதற்குக் கட்டணமில்லை. எந்தெந்த இயந்திரத்தில் எந்தெந்தப் பழுதை நீக்கத் தெரியும் என்பதைச் சொந்த இணையதளத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதுவது. வேலை வாங்கியவர்களிடம் உண்மையான அபிப்பிராயத்தைக் கேட்டுப் பதியச் செய்வது. அக்கம்பக்கத்துக் கடைகளைத் தேடும்பொழுது பொருத்தம், தூரம், பிரசித்தி என்ற மூன்றையும் கொண்டே வரிசை அமைவதாக அக்கம்பெனியே கூறுகிறது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் உழைப்பில் இருக்கின்றன. பலன் தெரியப் பல மாதங்களாகலாம். ஆனால் தெரிந்த பலன், பணம் நிறுத்திய மறுநாள் மறைவதில்லை.

இவ்வழியிலும் வஞ்சகருண்டு. முதலிடத்தை நிச்சயமாக வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்பவனை நம்ப வேண்டாம். அப்படி உறுதி கூற எவராலும் முடியாதென்று கூகிளே எச்சரித்திருக்கிறது. பொய் அபிப்பிராயங்களை மொத்தமாக விற்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மோசடியைக் கட்டுப்படுத்தவே 2022-இல் இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் ஐ.எஸ். 19000 என்ற விதியை வெளியிட்டது. பொய்ச் சாட்சியை விலைக்கு வாங்குகிறவன், நியாயஸ்தலத்தில் மட்டுமல்ல, வியாபாரத்திலும் ஒருநாள் அகப்பட்டுக் கொள்வான்.

இவ்விஷயத்தில் நம் வக்கீல் தொழிலின் விதி கவனிக்கத்தக்கது. வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரரைத் தேடலாகாதென்று இந்திய பார் கவுன்ஸிலின் 36-ஆவது விதி தடுக்கிறது. 2008-இல் செய்த திருத்தம், பெயர், விலாசம், பதிவு, படிப்பு, எவ்வகை வழக்கு நடத்துகிறார் என்பன போன்ற விவரங்களை மட்டும் இணையதளத்தில் வெளியிட இடம் கொடுத்தது. ஆயினும் இணையதளத் தரகர்கள் வக்கீல்களுக்கு நட்சத்திரக் குறியிட்டு விலைபேசும் வழக்கம் பரவியது. 2024 ஜூலையில் சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் ஆகியோர், வக்கீல் தொழில் வியாபாரமன்று என்று கூறி, இவ்விதம் விளம்பரம் செய்யும் வக்கீல்கள்மேல் நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்ஸிலுக்கு உத்தரவிட்டார்கள். பட்டறைக்காரருக்கு இத்தடை கிடையாது, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் அத்தடையின் அடியிலுள்ள தத்துவம் அவருக்கும் பொருந்தும். உண்மையான விவரத்தை யாவரும் காணும்படி வைப்பது ஒன்று. வழியில் போகிறவனைக் கைப்பிடித்து இழுப்பது வேறொன்று. முன்னது எவனுடைய கௌரவத்தையும் குறைக்காது.

நம் நாட்டுக் கம்பெனி ஒன்றின் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் கல்யாணத்திற்கு வரன் பார்த்துக் கொடுக்கும் இணைய ஸ்தாபனம், தன் பெயரிலுள்ள சொற்களைப் போட்டிக்காரர்கள் கூகிளிடம் விலைக்கு வாங்கித் தங்கள் விளம்பரத்தைக் காட்டுகிறார்கள் என்று 2009-இல் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. அச்சொற்கள் தொழிலை வருணிக்கும் பொதுச் சொற்கள் என்ற காரணத்தால், கோரிய இடைக்காலத் தடை 2010-இல் கிட்டவில்லை. பின்னர் 2012-இல் அதே ஸ்தாபனமும் நுகர்வோர் சங்கம் ஒன்றும் செய்த புகார்களின்மேல், 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம், தேடல் முடிவுகளில் கூகிள் பாரபட்சம் காட்டியதென்று தீர்மானித்து 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகிள் அதன்மேல் அப்பீல் செய்தது. இதிலிருந்து நாம் அறிவதென்ன? உன் பெயரைத் தேடி வருபவனையே இன்னொருவன் விலைகொடுத்து வழிமறிக்கலாம். உழைத்துப் பெற்ற இடமும் பிறன் நிலத்தில்தான் இருக்கிறது.

அந்நிலத்தின் சொந்தக்காரர் இதை ஆதியிலேயே அறிந்திருந்தார்கள் என்பது விசித்திரம். விளம்பரப் பணத்தில் நடக்கும் தேடுபொறி, தேடுகிறவர்களை விட்டு விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று கூகிளைத் தொடங்கிய இருவருமே 1998-இல், மாணவராயிருந்தபொழுது, எழுதினார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களே விளம்பரத் தொழிலை ஆரம்பித்தார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்கக் கோர்ட் ஒன்று, அக்கம்பெனி தேடுபொறியில் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டதென்று தீர்ப்பளித்தது. நம் சர்க்காரோ, அன்னியக் கம்பெனிகளுக்குச் செலுத்தும் இணைய விளம்பரப் பணத்தின்மேல் 2016-இல் விதித்த 6 சதவிகித வரியை 2025 ஏப்ரல் முதல் எடுத்துவிட்டார்கள். சத்துவாச்சாரிப் பட்டறையில் எண்ணெய்க் கையுடன் சம்பாதித்த ரூபாய் எங்கே போய்ச் சேருகிறதென்று தேசாபிமானிகள் யோசிக்க வேண்டாமா?

வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டே ஓடிற்று. வெள்ளைக்காரர் நெருக்கவே, கப்பல் கொடுத்தவர் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பிறகே பிள்ளையவர்கள் பம்பாய் சென்று சொந்தக் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தார். வாடகைக் கப்பலை நம்பிய தொழில், கப்பல்காரன் மனம் மாறினால் கரையில் நிற்கும். சொந்தக் கப்பலும் அக்கம்பெனியை முடிவில் காப்பாற்றவில்லை என்பது உண்மை. 1908-இல் தலைவர் சிறை சென்ற பிறகு அதைத் தாங்கிப் பிடிக்க ஜனங்கள் திரளவில்லை. கப்பலுக்கு நேர்ந்தது கடைக்கும் நேரும். சொந்த இணையதளம் மட்டும் போதாது. பின்னால் மனிதர்கள் வேண்டும்.

ஆகவே நண்பருக்கு நாம் கூறிய யோசனை இது. முதல் ஆறு மாதத்திற்கு, பத்தாயிரத்தில் ஏழாயிரத்தைச் சொந்த இணையதளத்திற்கும் பதிவுகளைச் செம்மை செய்வதற்கும் செலவிடுக. மூவாயிரத்துக்கு மட்டும் விளம்பரம் செய்க. அதிலும் 'தையல் இயந்திரம்' என்ற பொதுச் சொல்லை வாங்கினால், வீட்டில் ரவிக்கை தைப்பவர்களெல்லாம் தட்டுவார்கள், பணம் வீணாகும். செருப்புத் தொழிற்சாலை இயந்திரம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று குறுக்கி வாங்குக. கூப்பிட்ட ஒவ்வொருவரையும் எவ்வழி வந்தாரென்று கேட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதுக. உழைத்துப் பெற்ற இடம் பலன் தரத் தொடங்கியதும் விளம்பரத்தைக் குறைத்துக்கொள்க. வேலை கொடுத்தவர்களின் பெயரும் எண்ணும் உமது கையிலுள்ள புத்தகத்தில் இருக்கட்டும். தேடுபொறி நாளைக்கு வரிசையை மாற்றினாலும், அப்புத்தகத்தை எவராலும் மாற்ற முடியாது. நேற்றுத் தொழில் தொடங்கியவரானால் இப்பங்கீட்டைத் திருப்பிப் போட்டிருப்போம். இருபது வருஷப் பெயருள்ளவருக்கு இதுவே தகும்.

நம் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் கைப்பேசியால் வீடு வீடாகச் செய்தி பரப்பத் தெரிந்த வாலிபர்கள் ஒவ்வொரு வார்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, தங்கள் தெருவிலுள்ள மெக்கானிக்குக்கும், மின்சார வேலைக்காரருக்கும், விடுதிக்காரருக்கும் இலவசப் பதிவைத் தமிழில் செய்து கொடுக்கட்டும். விடுதிக்காரருக்கு வங்காளியிலும் ஒரு பக்கம் எழுதுவித்துக் கொடுக்கட்டும். வியாபாரச் சங்கங்கள் தங்கள் அங்கத்தினரின் ஜாபிதாவைப் பொதுவான இணையதளத்தில் வெளியிடட்டும். சுதேசியமென்பது கதர் உடுப்பதுடன் முடிந்துவிடவில்லை. நம் ஊர்த் தொழிலாளியின் பெயர் நம் ஊராருக்குத் தெரிய, ஒவ்வொரு தட்டுக்கும் கடல் கடந்து கப்பம் கட்ட வேண்டிய நிலைமையை நாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அழகல்ல.