மைதானத்தை விற்கும் உரிமை யாருக்கு?

இங்கிலாந்தின் தென்கரையில், பிரைட்டனை ஒட்டிய ஹோவ் நகரில் கோல்ட்ஸ்டோன் மைதானம் இருந்தது. பிரைட்டன் அண்டு ஹோவ் ஆல்பியன் கால்பந்து கிளப் 1902 முதல் அங்கேதான் ஆடியது. 1995இல் அதை 74 லட்சம் பவுண்டுக்கு மனை வியாபார நிறுவனம் ஒன்றுக்கு நிர்வாகம் விற்றது. அடுத்து எங்கே ஆடுவது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. கிளப் கலைக்கப்பட்டால் சொத்தை விற்ற பணம் பங்குதாரர்களுக்குப் போகக் கூடாது என்றிருந்த விதியும் அதற்கு முன்பே சத்தமில்லாமல் நீக்கப்பட்டிருந்தது. விஷயம் வெளியே வந்ததும் எழுந்த எதிர்ப்பால் அந்த விதி திரும்ப வந்தது, மைதானம் வரவில்லை. கால்பந்து மைதானத்தை மற்ற மனைகளைப் போல உரிமையாளர் இஷ்டத்துக்கு விற்க அனுமதிக்கவே கூடாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கடனில் தத்தளித்த கிளப் வேறென்ன செய்யும் என்று கேட்கலாம். கடன் உண்மைதான். ஆனால், மைதானத்தோடு வருமானமும் போய்விடுகிறது என்பதை அந்தக் கணக்கு மறைக்கிறது. 1997 ஏப்ரல் 26 அன்று கோல்ட்ஸ்டோனில் டான்காஸ்டரை 1-0 என வென்ற கடைசி ஆட்டத்துக்கு 11,000 பேருக்கு மேல் வந்தார்கள். முடிந்ததும் புல்தரையைக் கட்டிகட்டியாகப் பெயர்த்தார்கள், இருக்கைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். அடுத்த இரண்டு பருவங்களுக்குச் சொந்த ஊர் ஆட்டம் என்பது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கில்லிங்காமில். கூட்டம் சில ஆயிரமாகச் சுருங்கியது. கோல்ட்ஸ்டோன் இருந்த இடத்தில் பெருங்கடைகள் எழுந்தன. 1999இல் ஊர் திரும்பியபோது கிடைத்த வித்டீன், தடகள மைதானம். சுற்றிலும் ஓடுதளம், பெரும்பாலான இருக்கைகளுக்குக் கூரையே கிடையாது. மழையில் நனைந்தபடி, பந்து எங்கேயோ தொலைவில் உருள்வதைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு ஆண்டுகள்!

பழையதைவிடப் பெரிய, வசதியான அரங்கம் 2011இல் ஃபால்மரில் வந்துவிட்டது, 2017இல் பிரீமியர் லீக்குக்கும் போய்விட்டார்களே, நல்லதுதானே நடந்தது என்பது இன்னொரு வாதம். இதை என்னால் ஏற்க முடியாது. அந்த அரங்கம் விற்ற பணத்தில் எழுந்ததல்ல. கிளப்பின் நெடுநாள் ரசிகரான டோனி புளூம் ஒன்பது கோடி பவுண்டுக்கு மேல் போட்டார். ஆண்டுக்கணக்கில் நீண்ட திட்ட அனுமதிப் போராட்டத்தை ரசிகர்கள் நடத்தினார்கள். அதற்கும் முன்னால், 1997 மே 3 அன்று ஹியர்ஃபோர்டு அணியோடு அதன் ஊரில் நடந்த பருவத்தின் இறுதி ஆட்டத்தில் சமன் கோல் விழாமல் போயிருந்தால் கிளப் லீக்கை விட்டே வெளியேறியிருக்கும். வெளியேறியது ஹியர்ஃபோர்டு. இத்தனை அதிர்ஷ்டம் எல்லா ஊருக்கும் வாய்க்காது.

உரிமையாளரின் சொத்துரிமையை இது பறிப்பதாகவும் சொல்வார்கள். விற்கவே கூடாது என்று இங்கே யாரும் கேட்கவில்லை. மாற்று மைதானம் உறுதியான பிறகு, வெளியார் ஒருவரின் ஒப்புதலோடு விற்கட்டும். 2025இல் பிரிட்டன் இயற்றிய கால்பந்து நிர்வாகச் சட்டம் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: தனி ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியின்றிச் சொந்த மைதானத்தைக் கைமாற்ற முடியாது. ஆனால், அது இங்கிலாந்தின் முதல் ஐந்து அடுக்கு ஆண்கள் லீக்குகளோடு நின்றுவிடுகிறது. ஆறாம் அடுக்கிலும் அதற்குக் கீழேயும், புளூம் போன்ற ஒருவர் வருவதற்கான வாய்ப்பே இல்லாத சிற்றூர் கிளப்புகளுக்குத்தான் அந்தக் காவல் முதலில் போயிருக்க வேண்டும்.