அரசமைப்புக்குப் புகழாரம், அரசுப் பணிக்குப் பூட்டு

2024 ஜூன் 18 அதிகாலை, காஞ்சன்ஜங்கா விரைவு ரயில் எஞ்சிய பெட்டிகளோடு கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தை வந்தடைந்தது. முதல்நாள் காலை ரங்கபாணி அருகே சரக்கு ரயில் ஒன்று அதன் பின்புறம் மோதியிருந்தது. மீட்புப் பணி முடியும் முன்பே, உயிரிழந்த சரக்கு ரயில் ஓட்டுநர் சிக்னலை மதிக்கவில்லை என ரயில்வே வாரியம் தீர்ப்பெழுதிவிட்டது. தானியங்கி சிக்னல்கள் அதிகாலை முதலே பழுதுபட்டிருந்ததும், சிவப்பு சிக்னலைக் கடந்து செல்ல அவருக்கு எழுத்துபூர்வ அனுமதி தரப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தன. ஓட்டுநர்களுக்கும் நிலைய மேலாளர்களுக்கும் போதிய பயிற்சி தரப்படவில்லை என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையே கூறியது.

பழியை இறந்தவர் மீது சுமத்திய அதே நிர்வாகம், அடுத்த சில நாட்களிலேயே இன்னொன்றையும் செய்தது. ஜனவரியில் 5,696 என்று அறிவித்திருந்த உதவி ஓட்டுநர் பணியிடங்களின் எண்ணிக்கையை 18,799 ஆக உயர்த்தியது. அப்படியானால் 13,103 பேரின் வேலையை அதுவரை யார் செய்துகொண்டிருந்தார்கள்? ஓய்வின்றி இரவும் பகலும் வண்டியோட்டிய தொழிலாளர்களே செய்தார்கள். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேறென்ன வேண்டும்?

இது ரயில்வேயோடு நிற்கும் நோயன்று. 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசின் சுமார் 40.35 லட்சம் பணியிடங்களில் 9.79 லட்சம் காலி என்று அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ரயில்வேயில் மட்டும் 2.93 லட்சம், அஞ்சல் துறையில் 90 ஆயிரம். நான்கு இருக்கைகளில் ஏறத்தாழ ஒன்று காலி. 2022 அக்டோபரில் தொடங்கிய 'ரோஜ்கார் மேளா'வோ, வழக்கமாக நிரப்பியிருக்க வேண்டிய இடங்களுக்கான நியமன ஆணைகளைப் பிரதமரின் கொடையைப் போல் மேடையில் வழங்கும் கூத்தாகும்.

அதே நாடாளுமன்றம் 2024 டிசம்பரில் அரசமைப்பின் 75 ஆண்டுகளை நினைவுகூர்ந்து அவைக்கு இரு நாட்கள் விவாதித்தது. ஏறத்தாழ 110 நிமிடங்கள் பேசிய பிரதமர் மோடி, 11 உறுதிமொழிகளை முன்வைத்தார். காலிப் பணியிடங்களை நிரப்புவது அவற்றுள் ஒன்றல்ல. ஆனால் இட ஒதுக்கீட்டைப் பறிக்கக் கூடாது என்பது அவற்றுள் இருந்தது! நிரப்பப்படாத பணியிடத்தில் எவருக்கு இட ஒதுக்கீடு? பணியிடத்தைக் காலியாக வைத்திருப்பதும், அதை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பதும், சட்டத்தில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் இட ஒதுக்கீட்டைப் பறிக்கும் வழிகளே. அம்பேத்கர் பெயரை உச்சரிப்பது ஒரு பாணியாகிவிட்டது என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா மாநிலங்களவையில் ஏளனம் செய்ததும் அதே விவாதத்தில்தான்.

பொதுப் பணியில் சம வாய்ப்பை 16ஆவது பிரிவு உறுதி செய்கிறது; வேலை பெறும் உரிமையை நோக்கி அரசு செயல்பட வேண்டும் என 41ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. அரசியலில் சமத்துவத்தையும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வையும் நீடிக்க விட்டால் ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார். அரசமைப்பைப் போற்றுவோர் முதலில் போற்ற வேண்டியது அந்த எச்சரிக்கையை.

மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணாமுல் காங்கிரசுக்கும் இதில் பேசத் தகுதியில்லை. அதன் ஆட்சியில் நடந்த 2016 ஆசிரியர் தேர்வு முறைகேட்டின் விளைவாக, 25,753 பள்ளி ஊழியர்களின் நியமனம் ரத்து செய்யப்பட்டதை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று உறுதி செய்தது. தகுதியால் தேறியவர்களும் தெருவுக்கு வந்தார்கள். ஏழை மாணவர்களின் வகுப்பறைகள் ஆசிரியரின்றி நின்றன. ஒருவர் பணியிடத்தைப் பூட்டி வைக்கிறார். மற்றவர் அதை விற்கிறார். இரண்டிலும் இழப்பது உழைக்கும் மக்களே.

எனவே நமது கோரிக்கை தெளிவானது: அனைத்துக் காலிப் பணியிடங்களையும் நிரந்தர அடிப்படையில், இட ஒதுக்கீட்டு விதிகளின்படி, காலவரையறையுடன் நிரப்ப வேண்டும். ஓட்டுநர்களின் பணிநேரமும் ஓய்வும் முறைப்படுத்தப்பட வேண்டும். இதனைத் தொழிற்சங்கங்களும் வாலிபர் இயக்கமும் இணைந்து ரயில் நிலையந்தோறும், பள்ளிதோறும் எடுத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொரு நவம்பர் 26 அன்றும் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கும் ஆட்சியாளர்களிடம், காலிப் பணியிடங்களின் பட்டியலையும் சேர்த்து வாசிக்கும்படி கேட்போம்.