இரண்டு கிலோ லென்ஸ் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம்



பாடசாலைச் சுற்றாடல் கழகத்துக்குப் பறவைப் படம் எடுக்க ஒரு லென்ஸ் வாங்கித் தருவதாகப் பழைய மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்த நல்ல மனசுக்கு முதலில் நன்றி. ஆனால் எந்த லென்ஸ் என்பது பற்றி மூன்று நாளாக வாட்ஸ்அப் குழுமத்தில் நடக்கிற பேச்சைப் பார்த்தால், வாங்கப் போவது பிள்ளைகளின் கைக்கா, இல்லை கையளிப்பு விழா மேடைக்கா என்று கேட்கத் தோன்றுகிறது. கழகத்தைக் கொண்டு நடத்துகிற ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேரும் கலந்து பேசி எழுதுகிற பதில் இது. கொஞ்சம் நீளம்தான். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வருமுன் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழுமத்தில் எல்லோரும் கேட்கிற அந்த 150-600 மில்லிமீட்டர் லென்ஸ் வேண்டாம். அதே காசுக்குள் ஒரு 100-400 லென்ஸும், அதோடு சின்னதாக ஒரு 55-250 லென்ஸும் பாருங்கள். கையில் தூக்கிப் பிடித்து எடுக்கிறவருக்கு லென்ஸில் முதலில் பார்க்க வேண்டிய இலக்கம் மில்லிமீட்டர் அல்ல, கிராம்.

"வாங்கினால் பெரிசா வாங்கணும், சின்னது விளையாட்டுச் சாமான்" என்று ஒரு காக்கா எழுதியிருந்தார். நிறையப் பேர் அதற்குக் கைதட்டும் போட்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் இருந்தே தொடங்குவோம்.

பெரிய லென்ஸ் ஏன் பாரமாக இருக்கிறது? இது தரம் 8 பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. லென்ஸின் குவிய நீளத்தை எஃப் இலக்கத்தால் பிரித்தால், ஒளி உள்ளே வரும் துவாரத்தின் அகலம் கிடைக்கும். 400ஐ 6.3ஆல் பிரித்தால் 63 மில்லிமீட்டர் சொச்சம். 600ஐ 6.3ஆல் பிரித்தால் 95. 600ஐ 4ஆல் பிரித்தால் 150. முன் கண்ணாடி அந்த அளவுக்காவது இருக்க வேண்டும். கண்ணாடி அகலமாகும்போது தடிப்பும் கூடும், குழலும் பெருக்கும், பாரம் மடங்கு மடங்காக ஏறும். அதனால்தான் சிக்மாவின் 100-400 லென்ஸ் 1,160 கிராம், அதே கம்பனியின் 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம். டம்ரோனின் 150-600 இரண்டாம் தலைமுறை இரண்டு கிலோவைத் தொடுகிறது. இதோடு கெமராவின் பாரம் 600, 700 கிராமைச் சேருங்கள். கழுத்தில் தொங்கப் போவது இரண்டே முக்கால் கிலோ.

இந்தப் பாரத்தை யார் தூக்குவது? குழுமத்தில் பேசுகிறவர்கள் எல்லோரும் வளர்ந்த ஆம்பிளைகள். எங்கள் கழகத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள், அவர்களில் பலருக்குப் பதின்மூன்று வயதுதான். பறவையின் பெயர் சொல்வதிலும், குறிப்புப் புத்தகம் எழுதுவதிலும் முன்னுக்கு நிற்பது அவர்கள்தான். இரண்டே முக்கால் கிலோவைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒரு பஞ்சுருட்டான் கிளைக்குத் திரும்பி வரும் வரைக்கும் ஆடாமல் வைத்திருக்க அந்தப் பிள்ளைகளால் முடியாது. அப்போது என்ன நடக்கும்? லென்ஸ் இரண்டு பெரிய பொடியன்மாரின் கைக்குப் போகும், மற்றவர்கள் பை தூக்குவார்கள். பாரமான லென்ஸ் வாங்குவது என்றால், யார் படம் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்று கடையிலேயே தீர்மானித்து விடுவதுதான். அதற்கு நாங்கள் உடன்பட மாட்டோம்.

"டிரைபொட் வாங்கித் தாறோம் சேர்" என்று ஒரு தம்பி சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் நாங்கள் போகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். வயல் வரம்பு ஒரு அடி அகலம். குளக்கட்டில் சைக்கிளில் போகிறோம். களப்போரம் சேறு. நெத்தலிக்கு மூக்கு வைத்துத் தலைக்கு மேல் சுற்றும் ஆலாவை டிரைபொட்டில் பூட்டிய லென்ஸால் பின்தொடர முயன்று பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். மூன்று காலையும் விரித்து நட்டு முடிக்கும்போது மீன்கொத்தி அக்கரையில் இருக்கும். பறவைப் படம் என்பது பாதி நடை, மீதி பொறுமை. இரண்டுக்கும் பாரம் எதிரி.

இனி 600 கேட்கிறவர்களின் நியாயத்துக்கு வருவோம். அவர்களிடமும் நியாயம் இருக்கிறது. 400ஐ விட 600இல் பறவை ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். பரப்பளவில் இரண்டேகால் மடங்கு. இதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். 30 மீட்டர் தூரத்தில் 600 தருகிற அளவை 20 மீட்டரில் 400 தந்துவிடும். அந்தப் பத்து மீட்டரை நாம் நடந்து பிடிக்க வேண்டியதில்லை. உட்கார்ந்தால் போதும். வயல் உழும் டிரக்டருக்குப் பின்னால் கொக்குகள் எத்தனை அடி தூரத்தில் நிற்கின்றன என்று நம் எல்லோருக்கும் தெரியும். சுபஹ் தொழுத கையோடு போய் ஒரு மரத்தடியில் அசையாமல் அரை மணி நேரம் இருந்தால், உள்ளான்கள் இரை தேடித் தேடித் தாங்களாகவே பக்கத்தில் வரும். ஒரு கிலோ லென்ஸோடு அப்படி இருக்கலாம். கை கடுத்து அடிக்கடி இறக்கி ஏற்றுகிறவரைக் கண்டால் பறவை நிற்காது.

கழகத்திடம் ஏற்கனவே இருக்கும் கெனன் கெமராவையும் மறக்க வேண்டாம். அது சின்ன சென்ஸர் உள்ள கெமரா. அதில் 400 மில்லிமீட்டர் லென்ஸைப் பூட்டினால், முழு அளவு சென்ஸரில் 640 தருகிற காட்சிக் கோணம் கிடைக்கும். 55-250 லென்ஸே 400க்குச் சமமான கோணம் தரும். அந்த லென்ஸின் எஸ்.டி.எம். வகை வெறும் 375 கிராம். எங்கள் தரம் 6 பிள்ளை அதை ஒரு கையால் தூக்கும். பெரிய லென்ஸ் ஒன்று என்றால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை படம் எடுக்கும். இரண்டு லென்ஸ் என்றால், இன்னொரு கெமராவை இரவல் வாங்கினாலும் இரண்டு பிள்ளை எடுக்கும்.

"கை ஆட்டத்தை லென்ஸுக்குள் இருக்கிற ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும்" என்பது அடுத்த வாதம். அது நம் கை ஆட்டத்தைத்தான் குறைக்கும். சிறகடிக்கிற பறவையை நிறுத்தாது. பறக்கும் பறவை தெளிவாக விழ ஆயிரத்தில் ஒரு நொடி, அதைவிட வேகமான ஷட்டர் வேண்டும். தோள் கடுத்த பிறகு பறவையைச் சட்டத்துக்குள் வைத்திருக்கிற வேலையையும் எந்த ஸ்டெபிலைசரும் செய்து தராது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். நம் பக்கம் காலை ஒன்பது மணி தாண்டினால் களப்பின் மேல் காற்று தண்ணீர் போல நெளியும். அந்தக் கானலுக்கு ஊடாக நூறு மீட்டர் தள்ளி நிற்கும் கூழைக்கடாவை 600 அல்ல, எதை வைத்து எடுத்தாலும் படம் கரைந்துதான் வரும். தூரத்தை வெல்லக் காசு கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம். நம் பகல் வெளிச்சத்தில் அந்தக் காசில் பாதி ஆவியாகிப் போகிறது.

லென்ஸ் செய்கிற கம்பனிகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். கெனனின் 600 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸ் 1999இல் 5.36 கிலோ. 2018இல் வந்த அதே லென்ஸின் மூன்றாவது வடிவம் 3.05 கிலோ. நிக்கோன் 2018இல் வெளியிட்ட 500 மில்லிமீட்டர் எஃப் 5.6 பி.எஃப். லென்ஸ் 1,460 கிராம்தான். கலங்கரை விளக்கின் பெரிய கண்ணாடியை இலேசாக்க இருநூறு வருடங்களுக்கு முன் ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட வழியின் பேரில் வந்த நுட்பம் அது. 2020இல் வந்த கெனனின் ஆர்.எஃப். 600 மில்லிமீட்டர் எஃப் 11 லென்ஸ் ஒரு கிலோவும் இல்லை, 930 கிராம். ஆனால் அது எங்கள் கெமராவில் பூட்டாது. எஃப் 11 என்பதால் அஸருக்குப் பிறகு வெளிச்சம் இறங்க இறங்கத் தடுமாறும். நிக்கோன் லென்ஸின் விலையும் நம் கைக்கு எட்டாது. இதையெல்லாம் வாங்கித் தரச் சொல்லி எழுதவில்லை. உலகத்தில் இந்தத் தொழிலை நன்றாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு நூறு கிராமாகக் குறைக்கப் பாடுபடுகிறார்கள், நாம் பாரத்தைத்தான் தகுதி என்று நினைத்துத் தேடிப் போகிறோம் என்பதற்காகச் சொல்கிறோம்.

பெரிய லென்ஸ் எங்கே பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். பானமை, உகந்தை தாண்டிக் குமணவுக்குள் ஜீப்பில் போகிறவர், நினைத்த இடத்தில் இறங்க முடியாது. ஜீப்பின் விளிம்பில் நெல் நிரப்பிய துணிப்பையை வைத்து, அதன் மேல் இரண்டு கிலோ லென்ஸைச் சாய்த்து எடுக்கலாம். அவருக்கு அது சரியான சாமான். எங்கள் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு தடவை குமணவுக்குப் போனாலே பெரிய விஷயம். மீதி நாளெல்லாம் அவர்களுடைய காடு, பாடசாலைக்குப் பின்னால் இருக்கிற வயலும் களப்பும்தான்.

"தூரத்தில் இருந்து எடுக்கலாம், பறவைக்குத் தொந்தரவு இல்லை, அதனால் 600தான் நல்லது" என்று ஒரு ராத்தா எழுதியிருந்தார். குழுமத்தில் வந்ததிலேயே மதிக்க வேண்டிய வாதம் அதுதான். ஆனால் நாம் கண்டது வேறு. 600 வைத்திருக்கிறவர் பறவை முழுசாக வந்தது போதும் என்று நிற்பதில்லை. கண்ணில் மின்னும் வெளிச்சம் வேண்டும் என்று இன்னும் கிட்டப் போகிறார். ஆள்காட்டியும் ஆலாவும் வெறும் தரையில் முட்டையிடுகிற பறவைகள். தாய் எழும்பிப் பறந்தால் முட்டை நம் வெயிலில் வேகும், இல்லாவிட்டால் காகம் கொண்டுபோகும். அதைத் தடுப்பது லென்ஸின் நீளம் இல்லை, பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுக்கிற ஒழுங்கு. கூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது, பறவை தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். கழகத்தின் முதல் சட்டம் இது. எந்த லென்ஸ் வந்தாலும் மாறாது.

இன்னொரு விஷயம். பெயர் சொல்லாமல் சொல்கிறோம். எங்களில் ஒருவர் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலைக்கு இப்படித்தான் விலை கூடிய பெரிய லென்ஸ் ஒன்று அன்பளிப்பாக வந்தது. பூமாலை, மேடை, பத்திரிகையில் படம் எல்லாம் நடந்தது. பிறகு, "உடைஞ்சால் யார் பொறுப்பு?" என்ற ஒரே கேள்வியில் அது அலுவலக அலுமாரிக்குள் போனது. கடற்கரை ஈரக் காற்றில், பூட்டிய அலுமாரியில், கண்ணாடிக்கு உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்தது. எந்தப் பிள்ளையும் அதில் ஒரு காகத்தைக் கூட எடுக்கவில்லை. விலை கூடின சாமானுக்குப் பூட்டு வரும், பூட்டுக்குள் பூஞ்சணம் வரும். பாவிக்கப்படுகிற, வெயிலும் காற்றும் படுகிற லென்ஸுக்கு அந்தக் கதி வருவது குறைவு. சின்ன லென்ஸ்களை இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தாலே போதும்.

ஊர்த் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. உம்மாவின் நகையை ஈடு வைத்து 600 வாங்குகிற பழக்கம் நம் பக்கம் தொடங்கியிருக்கிறது. வாங்கி இரண்டு மாதம் தோளில் தொங்கும், பிறகு விற்பனைப் பக்கத்தில் தொங்கும். பாடசாலையே பெரிய லென்ஸ்தான் மரியாதை என்று காட்டினால், அந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேறு எதைப் படிக்கும்?

படம் எதற்கு என்பதையும் யோசியுங்கள். நம் அம்பாறை மாவட்டத்தில், பள்ளக்காடு குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்கிற யானைகளின் படங்கள் 2022இல் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. பார்த்தவர்கள் யானையின் தோல் மடிப்பு எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கிறது என்று கேட்கவில்லை. ஆள் அந்த இடத்தில் இருந்தார், கையில் கெமரா இருந்தது, அதுதான் அந்தப் படங்களின் பலம். எங்கள் களப்பின் ஓரத்தில் குப்பை கொட்டுவதும் மண் போட்டு நிரப்புவதும் நடக்கிறது. வாரா வாரம் அதே இடத்துக்குப் போய், எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, எங்கே வராமல் போனது என்று திகதியோடு படம் வைத்திருக்கிற பத்துப் பிள்ளைகள் இருந்தால், நாளைக்குப் பிரதேச சபைக்கு முன்னால் நம் ஊர் வெறும் வாயோடு நிற்க வேண்டியதில்லை. வாரா வாரம் எடுத்துப் போகக் கூடிய லென்ஸால்தான் அது நடக்கும்.

கூட்டத்துக்கு வரும்போது நாங்கள் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இரண்டு கொண்டு வருவோம். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் மூன்று கிலோ, நீங்கள் கேட்கிற லென்ஸும் கெமராவும் சேர்ந்ததை விடக் கொஞ்சம்தான் கூட. 600 வேண்டும் என்கிற ஒவ்வொருவரும் அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஆடாமல் இரண்டு நிமிடம் பிடித்துக் காட்டுங்கள். பிறகு அதே போத்தல்களைத் தரம் 8 பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பெரிசுதான் வேண்டும் என்றால், காரணத்தை அந்தப் பிள்ளைக்கு நேராகச் சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.