பள்ளி வாசலோடு முடியாத மாண்பு

மதுரையை ஒட்டிய பரவை, விளாங்குடி, சமயநல்லூர் குடும்பங்கள் பிள்ளைகளை நம்பி அனுப்பும் பள்ளிகளில் கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்துபவையும் உண்டு. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரின் மகளும் கமிஷன் கடைக்காரரின் மகனும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார முடியும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று அந்த ஒரு பாடவேளையில் மட்டும் வகுப்பு பிரியும். இரண்டு அறையிலும் மனித மாண்பைப் பேசத்தான் செய்கிறார்கள். பேசியது மாலை மணி அடித்த பிறகும் நிற்கிறதா என்பதே நம் கவலை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை வேண்டும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

அதே ஆண்டு ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னித்தாஸ் இன்ஃபினித்தா’ அறிக்கை, மனிதரின் மாண்பு எந்தச் சூழ்நிலையிலும் குறையாதது என்கிறது. நம் அரசியலமைப்பின் முகப்புரையும் சகோதரத்துவத்தையும் தனிமனித மாண்பையும் சேர்த்தே சொல்கிறது. எந்த மதத்துப் பெற்றோரும் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய இடம் இது.

திருச்சபைக்கு இதில் பழைய கடன் ஒன்று இருக்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி தமிழும் சமஸ்கிருதமும் கற்று, இந்த மண்ணின் பண்பாட்டை மதித்தார். அது பெரிய காரியம். ஆனால் அவருடைய மதுரைப் பணித்தளம் சாதி வரிசையை உடைக்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்கள் தனியே நியமிக்கப்பட்டார்கள். சில ஊர்க் கல்லறைகளில் பிரிவினை நம் காலம்வரை நீடித்திருக்கிறது. இதை மறைக்காமல் சொல்லும் பள்ளியின் பேச்சைத்தான் பிள்ளைகள் நம்புவார்கள்.

எல்லாவற்றையும் சிஸ்டர்மார் தலையில் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. ஆசிரியர் கழற்றச் சொன்ன கயிற்றைத் திருவிழாவில் மறுபடி கட்டிவிடுவது நம் வீட்டுப் பெரியவர்கள். தோழியின் பெயரைச் சொன்னதும் ‘அவுக என்ன ஆளுக?’ என்று கேட்பது நம் அடுப்படி. அன்பியக் கூட்டங்களிலும் கோயில் கமிட்டியிலும் ஜமாத்திலும் இதைப் பேச வேண்டும். பள்ளியும் தன் பங்குக்கு, உதவித்தொகை வாங்கும் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கக் கூடாது. துப்புரவுப் பணியாளரைப் பெயரும் மரியாதையும் சேர்த்து அழைக்கப் பழக்க வேண்டும்.

வரும் ஜூனில் பள்ளி திறக்குமுன் பெற்றோர் ஆசிரியர் கழகம், பங்குப் பேரவை, பேரூராட்சி உறுப்பினர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒருமுறை சேர்ந்து உட்காருங்கள். கயிறு, சாதியைச் சொல்லும் பட்டப்பெயர், உதவித்தொகை ஆகிய மூன்றிலும் வீடும் பள்ளியும் ஒன்றுபோல் நடக்க ஒரு முடிவெடுங்கள்.