பகிடியும் வதையும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘பகிடி’ அளவுக்கு உழைக்கும் சொற்கள் அதிகமில்லை. “பகிடி விடுறியோ?” என்றால் நம்ப முடியவில்லை என்று பொருள். “இதென்ன பகிடியே?” என்றால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று பொருள். “ஆள் நல்ல பகிடிக்காரன்” என்பது பாராட்டு. “அவன்ரை கதை பகிடியாய்ப் போச்சு” என்பது ஏளனம். தமிழகத்தில் இதன் உடன்பிறப்பான ‘பகடி’ திறனாய்வாளர்களின் கலைச்சொல்லாகிவிட்டது. நம்மவர் வாயில் அது இன்னும் திண்ணைச் சொல்தான்.

இந்த நல்ல சொல்லைப் பிடித்து ‘வதை’யோடு முடிச்சுப் போட்டு ‘பகிடிவதை’ என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவர்மீது நிகழ்த்தும் கொடுமைக்கு இலங்கைத் தமிழ் நாளிதழ்களும் அரச அறிவித்தல்களும் வழங்கும் பெயர் இது. அச்சிலிருந்து இப்பெயரை அகற்ற வேண்டும் என்பது என் கட்சி.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ், மூத்தவர்கள் வற்புறுத்திச் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். இதில் பகிடி எங்கே இருக்கிறது? மறு ஆண்டு, 1998இல், 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இக்கொடுமையையும் கல்வி நிறுவனங்களில் நிகழும் ‘ஏனைய வடிவ வன்முறைகளையும்’ அது தடைசெய்கிறது. ‘ஏனைய’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இதுவே ஒரு வன்முறைதான் என்று சட்டத்தின் தலைப்பே சொல்லிவிட்டது. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுவரை சிறை. 2020 பெப்ரவரியில் யாழ். பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்தில் புதுமுக மாணவியருக்குத் தொலைபேசி வழியாக நிகழ்ந்த பாலியல் தொல்லை வெளிவந்தது. அதுவும் செய்தித்தலைப்புகளில் ‘பகிடிவதை’தான்.

சிங்களத்தில் இதற்கு ‘நவக வதய’ என்று பெயர். புதியவரை வதைத்தல், அவ்வளவுதான். யார் வதைபடுகிறார் என்பதை அச்சொல் கூறுகிறது. நம் சொல்லோ வதைக்கிறவனின் மனநிலையைக் கூறுகிறது, அதுவும் அவனுடைய வாக்குமூலப்படி!

‘வதை’ என்ற சொல்லும் கூடவே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பகிடிக்கதை கதையில் ஒரு வகை, பகிடிப்படம் படத்தில் ஒரு வகை என்றால், பகிடிவதையும் வதையில் ஒரு வகையாகத்தான் காதில் விழும். சற்று இலேசான வகையாக.

இச்சொல் தனியே வருவதில்லை என்பதுதான் பெருந்தீங்கு. தன் மரபுத்தொடர்களையும் கூட்டிக்கொண்டு விடுதி அறைக்குள் நுழைகிறது. “பகிடிக்குச் செய்தனாங்கள்” என்றால் குற்றம் கரைந்துவிடும். “பகிடி விளங்காத ஆள்” என்றால் குற்றம் அடிவாங்கியவன் தலையிலேயே விழும். முறைப்பாடு செய்யப் போகிறவனின் வாயை அடைக்க இந்த இரண்டாவது தொடரே போதும். விசாரணைக்கு வரும் பெற்றார் சிலரும், “பெடியள் பகிடிக்குச் செய்ததுதானே, ஐயா” என்றுதான் தொடங்குகிறார்கள்.

நம் ஊர் வழக்கில் பகிடிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மச்சானை மச்சான் பகிடி பண்ணலாம். மச்சாள் அதற்கு இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுப்பாள். திருப்பிச் சொல்ல எதிராளிக்கு உரிமை உண்டு என்பதால்தான் அது பகிடி. தலை குனிந்து, கண்ணை உயர்த்தாமல், கேட்டதற்கு மட்டும் “ஓம் அண்ணை” என்று சொல்ல வைக்கப்படும் பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவன் மூத்த மாணவனால் கொல்லப்பட்டபோது தமிழக ஏடுகள் ‘ராகிங்’ என்று எழுதின. கடன்சொல்தான், ஆயினும் தமிழ்க்காதுக்கு அதில் சிரிப்பொலி கேட்பதில்லை. நமக்குக் கடனும் வேண்டியதில்லை. ‘புதுமுக வதை’ என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதாது என்று செய்தி மேசையில் முணுமுணுப்பவர்கள் எழுத்துகளை எண்ணிப் பார்க்கட்டும்: பகிடிவதைக்கு ஐந்து எழுத்து, புதுமுக வதைக்கு ஒன்றே கூட, ஆறு எழுத்து.