முள்ளும் முதலாளியும்

ஊர் நடுவே ஒரு காலி மனை. வீடு இல்லை, வேலி இல்லை, விளக்கு இல்லை. சீமைக்கருவேலம் மட்டும் செழித்து நிற்கிறது. அடியிலே குப்பை, குப்பையிலே கொசு, இருட்டினால் பாம்பு! அண்டைக் குடிசைக்காரன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப் போகிறான். மனைக்காரர் எங்கே? எங்கோ ஒரு பட்டணத்திலே, மண்ணின் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். விலை அவருக்கு, விஷம் நமக்கு!

சட்டம் இல்லையா? உண்டு தோழர்களே, நிறைய உண்டு. கேடு தரும் களையை அழிக்கும்படி நிலத்தை வைத்திருப்பவருக்கு ஆணையிட, 1919-ஆம் ஆண்டுச் சென்னைப் பயிர்ப்பூச்சி, நோய்ச் சட்டத்திலேயே இடமுண்டு. தனியார் நிலத்துச் சீமைக்கருவேலத்தை உரியவரே அகற்றவேண்டும் என்று 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் சொல்லிற்று. சட்டம் ஏட்டிலே, முள் நாட்டிலே!

ஏழையின் முதுகென்றால் மட்டும் சட்டத்துக்குக் கால் முளைத்துவிடும். 1858-ஆம் ஆண்டுக் கட்டாய உழைப்புச் சட்டத்தைப் பாருங்கள். ஏரிக்கரை உடையும் ஆபத்தென்றால், உழைக்கும் வகுப்பார் வந்தே தீரவேண்டும். குடிமராமத்துக்கு வராதவனிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூல்! மண்வெட்டி பிடித்தவனுக்கு அபராதம் போடத் தெரிந்த நாட்டிலே, மனையை முடக்கியவருக்கு ஒரு நோட்டீசு அனுப்பக் கை நடுங்குவானேன்?

மனையிலே தொடங்கும் அலட்சியம் மனையோடு நிற்பதில்லை. வாய்க்காலுக்கும் அது பரவுகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். கல்லணை தாண்டி, காவிரியிலும் வெண்ணாற்றிலும் வரும் தண்ணீரை, கிளை வாய்க்காலிலே ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வழிமறித்தால் என்ன ஆகும்? கோடையிலே கடைமடை காயும். ஐப்பசி மழையிலே வடிகால் அடைத்து, அதே கடைமடை மூழ்கும். களையின் பசிக்கு இரையாவது உழவனின் சோறு!

களை ஒரு அரசியலா என்று கேலி பேசுவோர் உண்டு. ஆகாயத்தாமரையை ஒழிக்க 1936-இல் தனிச் சட்டமே கண்டது வங்காளம். அடுத்த ஆண்டுத் தேர்தலிலே, அதை ஒழிப்போம் என்று கட்சிகள் வாக்குறுதி தந்தன. உழவனின் வயிற்றைத் தொடுவது எதுவோ, அதுதான் அரசியல்!

நாம் கேட்பது அதிகமில்லை. வாய்க்கால் கரையும் புறம்போக்கும் அரசின் பொறுப்பு; அதை முதலில் அரசு வெட்டட்டும். விலைக்காக மனையை முடக்கியவருக்கு நாள் குறித்து ஆணை போகட்டும். தவறினால் வெட்டிய செலவு அவர் தலையிலே. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி ஒரு மனை வாங்கி, வீடு கட்டக் காசில்லாமல் தவிக்கும் தொழிலாளிக்குத் தவணை கொடுங்கள். அவனையும் முதலாளியையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள். முள்ளை வெட்டும் தோழனுக்கு முழுக்கூலி, கைக்கு உறை, காலுக்குச் செருப்பு தாருங்கள். சேவை என்ற பெயரிலே இலவச உழைப்பு வேண்டாம்.

தோழர்களே! உங்கள் வட்டத்திலே புதர் மண்டிய மனை எத்தனை, அடைபட்ட வாய்க்கால் எத்தனை? எண்ணுங்கள், எழுதுங்கள், மன்றத்திலே மனுவாக வையுங்கள். ஆதாயம் யாருக்கோ, அரிவாளின் செலவும் அவருக்கே! அதுதான் நீதி.