வீட்டுக் கடனும் “மற்றச் செலவு”களும்

நம் மக்கள் சந்தையில் கத்தரிக்காய் வாங்குவதானால் நான்கு கடை ஏறி இறங்கி விலை கேட்கிறார்கள். நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்கிறார்கள். ஆனால், ஆயுளில் ஒரே தடவை, இருபது வருஷம் வட்டி கட்டும்படியாக ஒரு வீடு வாங்கப் போகும்போது மாத்திரம், பாங்கிக்காரர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, “நல்ல நேரத்தில் பத்திரம் முடிந்தால் போதும்” என்று இருந்துவிடுகிறார்கள். இதில் என்ன அறிவுடைமை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

மேலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். தையல் வேலை செய்து 6 லட்சம் சேர்த்தவர். வீட்டின் விலை 30 லட்சம். பாங்கி கொடுப்பது 24 லட்சம். மீதி 6 லட்சம் கையில் இருக்கிறது. ஆகவே கணக்குச் சரி என்று நம்பியிருந்தார். பதிவுக்கு நாலு நாள் இருக்கையில்தான் இன்னும் 3 லட்சம் வேண்டுமென்று தெரிந்தது. முகூர்த்த நாள் தவறக்கூடாதென்று வீட்டார் நெருக்கவே, கந்துவட்டிக்கு வாங்கப் புறப்பட்டுவிட்டார்.

அந்த 3 லட்சம் எங்கிருந்து முளைத்தது? கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து 100க்கு 7; பதிவுக் கட்டணம் 100க்கு 2. ஆக 30 லட்சத்துக்கு ரூ. 2,70,000. அரசாங்க வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிட அதிகமானால், அதன் மேலேயே கணக்கிடுவார்கள். பிறகு, தாய்ப்பத்திரத்தைப் பாங்கியில் ஒப்படைத்ததற்கு ஒரு பத்திரம். அதற்குக் கடன் தொகையில் 100க்கு அரை முத்திரை, அதாவது ரூ. 12,000, பதிவுக் கட்டணம் வேறு. பாங்கியின் பரிசீலனைக் கட்டணம் 100க்கு அரை என்று வைத்தாலும் ரூ. 12,000; அதன்மேல் ஜி.எஸ்.டி. 100க்கு 18, ரூ. 2,160. வக்கீல் அபிப்பிராயம், மதிப்பீட்டாளர் கூலி, வில்லங்கச் சான்று இவையும் உண்டு.

இவற்றையும் பாங்கியே கடனில் சேர்த்துக் கொடுக்காதா என்றால், கொடுக்காது. முத்திரை, பதிவுச் செலவுகளை வீட்டின் மதிப்பில் சேர்க்கக்கூடாதென்று 2012இல் ரிசர்வ் பாங்கு உத்தரவிட்டது. 10 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு மாத்திரமே 2015இல் விலக்களித்தது. ஆகவே இது கைக்காசிலிருந்து போகவேண்டியது என்பதை முதல் நாளே அறியவேண்டும்.

நிற்க, இச்செலவுகளில் இரண்டு ஜாதி உண்டு. அரசாங்கத்துக்குப் போவதில் பேரம் இல்லை. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 100க்கு 1 குறையும், அவ்வளவே. ஆனால் பாங்கி கேட்பதெல்லாம் வேதவாக்கு அல்ல. 2024 அக்டோபர் முதல், எல்லாக் கட்டணங்களையும் காட்டும் “முக்கிய விவர அறிக்கை” ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற பாஷையில் பாங்கி முன்கூட்டியே தரவேண்டும். யோசிப்பதற்குக் குறைந்தது மூன்று வேலை நாளாவது விடவேண்டும். அதில் காட்டாத கட்டணத்தை நம் வெளிப்படையான சம்மதமில்லாமல் வாங்கக்கூடாது. இன்ஷியூரன்சு, வக்கீல் முதலிய பிறர் பேரில் வாங்கும் தொகைக்கு ரசீதும் தரவேண்டும். கடனோடு ஆயுள் இன்ஷியூரன்சு எடுத்தே தீரவேண்டுமென்று சட்டம் ஒன்றும் இல்லை.

இத்தனை உரிமை இருந்தும் எத்தனை பேர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குகிறார்கள்? மூன்று நாள் காகிதம் படிக்கப் பொறுமையில்லாதவர்கள், மூன்று மாதம் முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறார்கள்! சுபதினங்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்த நெரிசலில் பத்திரத்தை நிதானமாய்ப் படிப்பது யார்? ராகுகாலத்தில் பதிந்த வீடு எதுவும் இடிந்து விழவில்லை. படிக்காமல் போட்ட கையெழுத்தினால் ஏலத்துக்குப் போன வீடுகள் உண்டு.

கடன் தீர்ந்த பிறகும் கவனம் வேண்டும். 2023 டிசம்பர் முதல், முழுக் கடனும் அடைந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைப் பாங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 கொடுக்கவேண்டும். ரசீதுப் பத்திரத்தையும் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும்.

நம் தோழர் என்ன செய்தார் என்றால், வீட்டுக்குடையவரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டார். அதற்குள் சீட்டுப் பணம் வந்தது. குறைந்ததற்கு நகையைப் பாங்கியில் வைத்தார். வேண்டாத இன்ஷியூரன்சையும் நீக்கச் சொன்னார். முகூர்த்த நாள் போயிற்று, வீடு வந்தது, கந்துவட்டிக்காரன் வாசல் மிதிக்கவில்லை. ஆகவே தோழர்களே, எதற்கு இந்தப் பணம், யாருக்கு இந்தப் பணம் என்று ஒவ்வொரு வரிக்கும் கேளுங்கள். கேட்பதற்கு மாத்திரம் ஒரு காசும் கட்டணமில்லை.